நாடி காக்கும் தூதுவர்

எம் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தனர். தமிழாசிரியரிடம் கட்டுரை வேண்டுவோர் சங்கச் செய்யுளைப் பற்றியோ மட்டக்களப்பு நாட்டுக் கவிகளைப் பற்றியோ எதிர்பார்த்தல் இயல்பே. கல்முனைக் கரையில் இருபதாண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் யாமோ, மனித உடலின் நாடிகளைக் காக்கும் ஓமோன்களைப் பற்றி எழுதத் துணிந்தோம். எமக்குள்ள தகுதி பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றே. மருத்துவ நூல் பயின்றோர் அல்லோம். ஆயினும் இப்பொருளைக் கற்றே ஆகவேண்டிய கடப்பாடொன்று எமக்கு நேர்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இத்துணிவுக்கு முன்னோடி ஒருவரும் எமக்கு உளர். யாம் கற்பிக்கும் பாடசாலைக்குத் தெற்கே சிறிது தொலைவிற் காரைதீவு உள்ளது. அவ்வூரில் 1892ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனையிற் கல்வி கற்றுக் கொழும்பிற் பயிற்சி பெற்று ஆசிரியரானவர். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. 1920ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக அமர்ந்தவர். 1936ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத் துறைகளுக்குரிய கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவித்தவரும் அவரே. தமிழாசிரியன் விஞ்ஞானத்தைத் தொடலாகாது என்னும் வேலியை அப்பெரியார் அன்றே பிடுங்கி எறிந்துவிட்டார்.

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையில் இக்கரையோரத்து ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே வயல். கரைவலை இழுப்போரும், மருதமுனைத் தறிகளில் நெய்வோரும், சம்மாந்துறை வட்டைகளில் வேளாண்மை செய்வோருமாக இம்மக்கள் உழைப்பால் உரம் பெற்றவர்கள். இன்று அறுவடையை இயந்திரம் செய்கின்றது. கடைத்தெருவுக்கு மோட்டார் சைக்கிள் செல்கின்றது. சோற்றின் அளவும் தேநீரிற் கலக்கும் சீனியின் அளவும் மாத்திரம் பழையபடியே இருக்கின்றன. நீரிழிவு என்று நூல்கள் கூறும் நோயைச் ‘சீனி வருத்தம்’ என்று இங்கே கூறுவர். அப்பெயர் வழங்காத வீடு இங்கு அரிது.

இது எம் கண்ணுக்குப் பட்டது மாத்திரமன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறக்குறைய ஐயாயிரம் பேரைச் சோதித்த ஆய்வொன்றில், இருபது வயதும் அதற்கு மேற்பட்டோரும் ஆகியோருள் 10.3 வீதத்தினர்க்கு நீரிழிவு இருக்கக் காணப்பட்டது. போர்க் காலமாதலின் வட மாகாணமும் கிழக்கு மாகாணமும் அவ்வாய்விற் சேரவில்லை. எம் கரையோரத்தின் நோய் எண்ணப்படாமலே போயிற்று. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதையும் தழுவி நடைபெற்ற ஆய்விலோ வளர்ந்தோருள் 23 வீதத்தினர்க்கு நீரிழிவு காணப்பட்டது. ஆய்வு முறைகள் வேறாயினும், நோய் பெருகியமை வெளிப்படை. நீரிழிவு தனியே வருவதன்று; நாடி நோயைக் கைப்பிடித்து அழைத்து வருவது. சென்னை நகரில் நிகழ்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றின்படி, கால் நாடி அடைப்பு நீரிழிவு இல்லாதோருள் 2.7 வீதத்தினர்க்கும் நீரிழிவு உடையோருள் 6.3 வீதத்தினர்க்கும் இருந்தது.

எம் பாடசாலையிற் கணிதங் கற்பித்து ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் இவ்விரண்டாம் வகுப்பினருள் ஒருவர். யாம் அவரைக் ‘காக்கா’ என்றும் அவர் எம்மைத் ‘தம்பி’ என்றும் அழைப்பது இருபதாண்டு வழக்கம். நூறு யார் நடந்தால் அவருடைய கெண்டைக்கால் இறுகி நோவெடுக்கும். சற்று நின்றால் நோவு நீங்கும். மீண்டும் நூறு யாரில் நோவு வரும். வாய்வு என்றார் ஒருவர், வயது என்றார் மற்றொருவர், எண்ணெய் பூசினார்கள். இரண்டாண்டு இவ்வாறு கழிந்தபின், காற்பெருவிரலிற் பட்ட சிறு காயம் ஆறாமற் கறுத்தது. மருத்துவர் கணுக்காலின் குருதியமுக்கத்தைக் கையின் அமுக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கால் நாடி அடைபட்டிருக்கின்றது என்றார். விரலை எடுத்த பின்னரே மற்றைய கால் காப்பாற்றப்பட்டது.

அவர் வீடு திரும்பிய சில நாளில் வளைகுடா நாட்டிலுள்ள மகன் செய்தியொன்று அனுப்பினார். வாரம் ஒருமுறை போடும் ஊசியொன்று வந்திருக்கின்றது. அது நாடி அடைப்பைத் தடுக்கும் என்பது செய்தி. காக்கா எம்மை அழைத்தார். “தம்பி, நீங்க தமிழ்தானே படிப்பிக்கிற. இந்த ஊசி என்ன எண்டு எனக்கு விளங்குற தமிழில சொல்லித் தாங்க. சரியெண்டாக் காணியில ஒரு துண்டை வித்துப் போடலாம் எண்டு நினைக்கிறன். குளிசையெல்லாம் விட்டிரலாம்தானே?” என்றார்.

மூன்று போக வயலன்று அது. மகளுக்கென வைத்திருந்த ஒரே துண்டு. குளிசையை நிறுத்துவதோ உயிரோடு விளையாடுவது. ‘பொறுங்கள் காக்கா’ என்று கூறிவிட்டு, எம்மிடம் தமிழ் கற்று இன்று மருத்துவராயுள்ள மாணவர் ஒருவரை அணுகினோம். ஆசிரியரும் மாணவரும் இடம் மாறி அமர்ந்தோம். அவரிடம் கேட்டுத் தெளிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் நாடியைப் பற்றிச் சில. நாடியின் உட்புறத்தே அகவணி என்னும் மெல்லிய படை உண்டு; அது ஒரே கலத்தின் தடிப்பே உடையது. நைத்திரிக்கொட்சைட்டு என்னும் வாயுவை ஆக்கி நாடியை இளகி விரியச் செய்வதும், குருதி வீணே உறையாமற் காப்பதும் அப்படையின் தொழில்கள். இவ்வாயுவின் பணியைக் கண்டறிந்த மூவர்க்கு 1998ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. நெடுநாள் மிகுந்த சீனியும், உயர்ந்த குருதியமுக்கமும், புகையும் அகவணியைச் சிதைக்கின்றன. சிதைந்த இடத்திற் கொலஸ்திரோல் சுவரினுட் புகுகின்றது. அதனை அகற்ற வந்த வெண்குழியங்கள் அளவுக்கு மீறி உண்டு, நுரைத்த தோற்றத்தனவாய் அங்கேயே மடிகின்றன. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் வளரும் படிவு வழியை ஒடுக்குகின்றது. படிவு வெடித்துக் குருதி உறையுமாயின் வழி முற்றும் அடைபடும். இதயத்தில் நிகழின் மாரடைப்பு. மூளையில் நிகழின் பாரிசவாதம். காலில் நிகழின் விரல் கறுத்தல்.

“அப்ப, வாய்க்கால் தூர்ந்து போற மாதிரி எண்டு சொல்லுங்க” என்றார் காக்கா. உவமை நன்று, ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. மண் வாய்க்காலின் கரைக்கு உயிரில்லை. நாடியின் சுவரோ உயிருள்ளது. செய்தி பெறுவது, விடை இறுப்பது. வயலுக்கு வட்டவிதானை இருந்து எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வரம்பை எப்போது கட்டுவது என்று ஆளனுப்பிச் சொல்வது போல, உடலின் பல உறுப்புகளும் நாடிச் சுவருக்குத் தூதுவரை அனுப்புகின்றன. அத்தூதுவரே ஓமோன்கள். அவற்றுள் ஒரு பெருங் குலம் பெப்தைட்டு ஓமோன்கள்.

பெப்தைட்டு யாது? தமிழ் கற்போர்க்கு இதனை விளக்குதல் எளிது. எழுத்துகள் தொடர்ந்து சொல்லாவது போல அமினோவமிலங்கள் தொடர்ந்து பெப்தைட்டாகும். வரிசை மாறினாற் பொருள் மாறும். 1921ஆம் ஆண்டு கனடாவின் தொறொன்ரோ நகரிற் பிரித்தெடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைக் காத்த இன்சுலின், 51 அமினோவமிலங்கள் கொண்ட சொல். அன்று தொடங்கி விஞ்ஞானிகள் இவ்வகராதியைப் படித்து வருகின்றனர்.

அகராதியின் ஒரு பக்கம் எம்மை வியப்பில் ஆழ்த்தியது. இதயம் குருதியைத் தள்ளும் பம்பி என்றே யாம் பள்ளியிற் கற்றோம். 1981ஆம் ஆண்டு கனடாவில் தி போல்ட் என்பாரும் அவர் துணைவரும், எலியின் சோணையறையிலிருந்து எடுத்த சாற்றை வேறொரு எலிக்கு ஏற்றினர். உடனே அதன் சிறுநீரும் சிறுநீரில் உப்பும் பெருகின. இதயமும் ஓமோன் சுரக்கும் உறுப்பே என்பது அன்று வெளிப்பட்டது. குருதி மிகுந்து இதயவறைச் சுவர் இழுபடும்போது, ‘உப்பையும் நீரையும் வெளியேற்றுக, நாடிகளே விரிக’ என்று இதயம் தூதனுப்புகின்றது. இத்தூதுவரின் உறவினர் மற்றும் இருவர் 1988, 1990ஆம் ஆண்டுகளில் யப்பானியரால் இனங்காணப்பட்டனர். 1993ஆம் ஆண்டில் அதிரினோமெதுலின் என்னும் 52 அமினோவமிலத் தூதுவரும் அந்நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் நாடியை விரிப்பது. கொழுப்புக் கலங்கள் சுரக்கும் அடிப்போனெக்தின் என்னும் புரதமோ, உடல் பருக்கப் பருக்கக் குறைந்து போவது.

காவலர் பலர் உளர் எனின், அவர்களை ஊசியில் ஏற்றினாற் போதாதோ என்று வினவலாம். விடை அத்துணை எளிதன்று. இதயத் தூதுவருள் ஒன்றை மருந்தாக்கி, இதயம் தளர்ந்து மருத்துவமனை சேர்ந்த ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு ஏற்றிப் பார்த்தனர். 2011ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று, இறப்புக் குறையவில்லை. எலியிலும் கண்ணாடிக் குழாயிலும் நாடியைக் காத்தது மனிதரில் உயிரைக் காக்கும் என்று கொள்ளலாகாது என்பதே அதன் பாடம். பின்னர் வேறு வழி நாடினர். அத்தூதுவரைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுக்கும் மருந்தோடு, அமுக்கம் குறைக்கும் மருந்தொன்றையும் சேர்த்து ஒரே குளிசையாகக் கொடுத்தனர். 2014ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில், பழைய மருந்து பெற்றோரிலும் இப்புதிய குளிசை பெற்றோருள், இதய நோயால் இறத்தலும் இதயத் தளர்ச்சியால் மருத்துவமனை சேர்தலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தூதுவரின் ஆயுளை நீட்டுதலே வழி என்பது தெளிவாயிற்று.

காக்காவின் ஊசியும் இவ்வழியில் வந்ததே. உணவு உண்டவுடன் குடல் சுரக்கும் தூதுவர் ஒன்று உண்டு. ஜீ. எல். பி. ஒன்று என்று அதனைச் சுருக்கிக் கூறுவர். அது சதையியிடம் சென்று ‘சீனி வருகின்றது, இன்சுலின் அனுப்புக’ என்கின்றது. இரைப்பையை மெதுவாக வெறுமையாகச் செய்கின்றது. மூளையிடம் ‘போதும்’ என்கின்றது. இத்துணைப் பணி செய்யும் அத்தூதுவரின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு நிமிடம். குருதியிலுள்ள நொதியமொன்று அதனை உடனே வெட்டி விடுகின்றது.

அமெரிக்கப் பாலைநிலத்தில் கீலா என்னும் நச்சுப் பல்லியினம் வாழ்கின்றது. அதன் உமிழ்நீரில் இத்தூதுவரை ஒத்ததும் எளிதில் வெட்டுப்படாததுமான பெப்தைட்டு ஒன்று இருத்தலை 1992ஆம் ஆண்டு ஜோன் எங் என்னும் மருத்துவர் வெளியிட்டார். அதிலிருந்து பிறந்த மருந்து 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. மனிதத் தூதுவரையே திருத்தி ஆயுள் நீட்டியோர் டென்மார்க்கு நாட்டார். நுனியிலிருந்து இரண்டாம் இடத்து அமினோவமிலத்தை மாற்றினர். நொதியத்தின் வெட்டு அங்கு விழவில்லை. கொழுப்பமிலத் தொடரொன்றை ஒட்டினர். அது குருதியிலுள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு நெடும்பயணம் செய்தது. இலக்கணம் கற்றோர் புணர்ச்சி விகாரம் மூன்று என்பர்: தோன்றல், திரிதல், கெடுதல். இவ்விரசாயனப் புலவர்கள் ஓரிடத்தைத் திரித்து, ஓரிடத்தில் தோற்றுவித்து, கெடுதலைத் தடுத்துவிட்டனர். இரண்டு நிமிட ஆயுள் ஒரு வாரமாயிற்று. அம்மருந்தே செமாகுளூட்டைட். இத்துறையிற் பெரும்பணி புரிந்த மூவர்க்கு 2024ஆம் ஆண்டு அமெரிக்காவின் லஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

இனிப் பயனைக் காண்போம். இதன் மூத்த உடன்பிறப்பாகிய லிராகுளூட்டைட், நீரிழிவுடையோர் 9,340 பேரிற் சோதிக்கப்பட்டு, இதய நாடி நோயாலாகும் இறப்பை 22 வீதத்தாற் குறைத்தமை 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2023ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், நீரிழிவின்றி உடற்பருமனும் நாடி நோயும் உடைய 17,604 பேர் கலந்துகொண்டனர். செமாகுளூட்டைட் பெற்றோர்க்கு மாரடைப்பு, பாரிசவாதம், இதய நாடி நோயாலாகும் இறப்பு என்னும் மூன்றும் சேர்ந்து 20 வீதம் குறைந்தன. எடை குறைந்தமையால் மாத்திரம் விளைந்த பயனன்று அது என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

இருபது வீதம் என்றதும் காக்காவின் கணித மூளை விழித்துக்கொண்டது. “எதில இருபது வீதம் தம்பி?” என்றார். நல்ல கேள்வி. மூன்றாண்டும் சில மாதமும் கழிந்த பின், வெற்றூசி பெற்றோருள் நூற்றுக்கு 8 பேர்க்கும், மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 6.5 பேர்க்கும் அக்கேடு நேர்ந்தது. காக்கா விரல் மடித்தார். “அப்ப, இருநூறு பேரில பதினாறு பேருக்கு வாறது பதின்மூணு பேருக்கு வருகுது. மூணு பேர் தப்புறாங்க. மூணு பேர் தப்புறது பெரிய விசயம்தான். ஆனா எல்லாரும் தப்புற ஊசி இல்ல.” யாம் பத்துப் பக்கத்தில் எழுத முயன்றதை அவர் ஒரு மூச்சிற் கூறிவிட்டார்.

அவர் நோய்க்கே உரிய ஆய்வும் ஒன்றுண்டு. நீரிழிவோடு கால் நாடி அடைப்பும் உடைய 792 பேர்க்கு ஓராண்டு இவ்வூசி போட்டு, நடக்கும் தொலைவை அளந்தனர். வெற்றூசி பெற்றோரிலும் 13 வீதம் முன்னேற்றம் காணப்பட்டதாக 2025ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூறு யார் நடப்பவர் ஏறக்குறைய நூற்றுப் பதின்மூன்று யார் நடப்பார் என்க. இவ்வகை மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு செப்ரெம்பரில் இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. நீரிழிவோடு இதய நாடி நோயோ சிறுநீரக நோயோ உடையவராய், உடற்பருமனும் சேர்ந்தோர்க்கெனவே சேர்த்தது.

குறைகளையும் கூறுதல் அறம். குமட்டலும் வாந்தியும் பலர்க்கு வரும். பித்தப்பைக் கல், அரிதாகச் சதையி அழற்சி ஆகியனவும் நேரலாம். சீனி விரைந்து குறைகையிற் பழைய கண் நோய் மோசமாகக்கூடும். ஆதலின் முதலிற் கண்ணைச் சோதித்தல் வேண்டும். நிறுத்தினால் இழந்த எடையிற் பெரும்பகுதி மீளும். புதிய ஊசியைக் குளிரூட்டியிற் காத்தல் வேண்டும். இன்சுலின் அறவே சுரக்காதோர்க்கு இது இன்சுலினுக்கு ஈடாகாது. விலையோ, காக்காவுக்குச் சொல்லப்பட்ட கணக்கின்படி, அவருடைய ஓய்வூதியத்தை விழுங்கிவிடும்.

எம் மாணவ மருத்துவரும் காக்காவின் மருத்துவரும் ஒரே விடையே கூறினர். ஊசி நல்லது, ஒருநாள் தேவைப்படலாம், அன்று பார்ப்போம். ஆனால் அதற்காகக் குளிசையை நிறுத்தலாகாது. கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டற்றின், குருதி உறைதலைத் தடுக்கும் அஸ்பிரின், அமுக்க மருந்து, நீரிழிவு மருந்து ஆகியவை ஊசிக்கு முன்னரும் வேண்டும், பின்னரும் வேண்டும். பீடி ஒரேயடியாக ஒழிதல் வேண்டும். அனைத்துக்கும் மேலாக நடத்தல் வேண்டும். நோவு வரும் வரை நடந்து, நின்று இளைப்பாறி, மீண்டும் நடத்தல். வாரம் மூன்று முறையேனும், ஒவ்வொரு முறையும் அரைமணி முதல் முக்கால் மணி வரையில். மூன்று மாதத்துக்குக் குறையாமல். இந்நடை நடக்கும் தொலைவைக் கூட்டும் என்பது பல ஆய்வுகளால் நிறுவப்பட்டது. இதற்குக் காணி விற்க வேண்டியதில்லை. புண் முற்றும் ஆறிய பின், மருத்துவர் அனுமதியோடு காக்கா சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியிற் செருப்பணிந்து நடக்கத் தொடங்கினார். நூறு யார் இன்று நானூறு யாராகியிருக்கின்றது. போன விரல் வராது. காணி இருக்கின்றது.

இக்கரையோர மக்களிடம் மற்றொரு காப்பும் உண்டு. தொழுகைக்கு முன் நாளைக்கு ஐந்து முறை கால் கழுவுவோர் இவர்கள். நீரிழிவுடையோர் நாளுக்கு ஒருமுறை காலைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் மன்றாடுகின்றனர். இங்கு ஐந்து முறை அவ்வாய்ப்பு நேர்கின்றது. கழுவும்போதே விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பார்த்து, ஈரத்தைத் துடைத்துவிட்டால் எத்தனையோ விரல்கள் தப்பும். இதனைக் காக்காவே இப்போது பள்ளிவாசலில் இளையோர்க்குச் சொல்லி வருகின்றார். நோன்பு மாதத்துக்கு முன்னர் மருத்துவரைக் கண்டு மருந்து வேளையை மாற்றியமைத்துக் கொள்க என்றும் சொல்கின்றார்.

வள்ளுவப் பெருமான் மருந்து என்னும் அதிகாரத்திற் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கினார். இறுதியில் மருத்துவத்துக்கு உறுப்பு நான்கு என்று வகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுவோர். முதல் மூன்றையும் பற்றி உலகம் நிரம்பப் பேசுகின்றது. நான்காம் உறுப்பு நாம். செய்தித்தாளின் இருபது வீதத்தை ‘எதில் இருபது’ என்று கேட்கக் கற்பிப்பவரும், கிளினிக் கொப்பியில் எழுதியதை வீட்டுக்கு விளங்கும் மொழியிற் சொல்பவரும், நிறுத்தலாகாத குளிசையை நிறுத்தவிடாமற் காப்பவரும் அந்நான்காம் உறுப்பினரே. உடலினுள்ளே தூதுவரின் ஆயுளை இரசாயனவியலார் நீட்டுகின்றனர். உடலுக்கு வெளியே தூது செல்ல வேண்டியவர் நாமே.

எம் கல்லூரி ஈன்ற மருத்துவர் பலர். உலகின் பல நாடுகளில் அவர்கள் பணிபுரிகின்றனர். அவர்கள்பால் எமக்கொரு வேண்டுகோள் உண்டு. தாம் அறிந்ததில் ஆண்டுக்கு ஒரு பக்கமாவது, ஊரில் உள்ளோர்க்கு விளங்கும் தமிழில் எழுதியனுப்புக. கல்லூரி மாணவர் அதனை வீடுதோறும் வாசித்துக் காட்டுக. சொல் போதாதவிடத்துச் சொல் ஆக்கித்தர எம் போன்ற தமிழாசிரியர் காத்திருக்கின்றோம்.

கல்லூரித் தாய் நீடு வாழ்க.